டைவிங் போக எந்தக் கடல்? நுவரெலியாக்காரங்க கணக்கு கொஞ்சம் வேற

கண்டியில ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி பேக்குல போட்டுட்டு நுவரெலியா பஸ் ஏறிப் பாருங்க. கம்பளை தாண்டி புசல்லாவை வரைக்கும் சும்மா கெடக்கும், றம்பொடை வளைவு ஏறி முடிக்கிறப்ப பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிக்கும், புள்ளைங்க அத தட்டித் தட்டி வெளையாடும். நம்ம எல்லாரும் சின்ன வயசுல இருந்தே பாத்த விஷயம்தான், ஆனா ஸ்கூபா டைவிங் போக எடம் தேடுறப்ப இந்த பாக்கெட்ட யாரும் ஞாபகம் வச்சிக்கிறதில்ல. நானும் வச்சிக்கல. கடல் எங்க அழகு, மீன் எங்க அதிகம், எந்த ஊருல ரூம் மலிவுன்னு மட்டும்தான் ரெண்டு வருஷமா வீட்டுல சண்டை போட்டோம்.

இந்த முறை நாலு பேரு, நாலு நாள் லீவு. நான், எங்க சித்தப்பா மகன், ஹட்டன்ல இருக்க என் மச்சான், பதுளையில வேலை செய்ற ஒரு அண்ணன். ஆளாளுக்கு ஒரு கடல் சொல்றாங்க. அதுனால எல்லாத்தையும் ஒரு தடவை ஒக்காந்து எழுதிப் பாத்துட்டா என்னான்னுதான் இது. ஹோட்டல் விளம்பரம் மாதிரி எல்லா எடமும் சூப்பர்னு சொல்ல மாட்டேன், எனக்கு புடிக்காதத புடிக்கலன்னே சொல்றேன்.

மொதல்ல அந்த பாக்கெட் கதைய முடிச்சிர்றேன், ஏன்னா மத்த எல்லாமே அதுல இருந்துதான் வருது. தண்ணிக்குள்ள 10 மீட்டர் எறங்குனா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது, 20 மீட்டர்ல ரெண்டு. அந்த அழுத்தத்துல காத்த மூச்சா இழுக்கிறப்ப அதுல இருக்க நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கரைஞ்சி போய் ஒக்காந்துக்குது. மெதுவா மேல வந்தா அதுவும் மெதுவா மூச்சு வழியா வெளிய போயிரும், ஆனா முழுசா போக பல மணி நேரம் ஆகும், கரையில நின்னு நீங்க தேத்தண்ணி குடிக்கிறப்பவும் அது உடம்புல இருக்கும். அந்த நேரத்துல அழுத்தம் இன்னும் கொறைஞ்ச எடத்துக்குப் போனா என்னா ஆகும்? சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆனதுதான், கரைஞ்சிருந்த நைட்ரஜன் குமிழா உப்பும், ஆனா மூட்டுக்குள்ளயும் நரம்புக்குள்ளயும். அதுக்காகத்தான் டைவ் பண்ணிட்டு உடனே ப்ளேன் ஏறாதீங்கன்னு சொல்றாங்க. ஒரே ஒரு டைவ்னா கொறைஞ்சது 12 மணி நேரம், ஒரு நாளைக்கு ரெண்டு மூனு டைவ் இல்லாட்டி தொடர்ந்து பல நாள் பண்ணிருந்தா 18 மணி நேரம். டைவர்ஸ் அலர்ட் நெட்வர்க்னு உலகம் பூரா டைவிங் பாதுகாப்ப பாக்குற அமைப்பு சொல்ற கணக்கு இது. அந்தக் கணக்கு சுமார் 600 மீட்டர்ல இருந்து 2400 மீட்டர் வரைக்குமான உயரத்துக்கு பொருந்தும், ப்ளேன் கேபினுக்குள்ள இருக்க அழுத்தம் அந்த அளவுலதான் இருக்கும்.

இப்ப நம்ம ஊர் உயரத்த பாருங்க. நுவரெலியா 1868 மீட்டர். ஹட்டன் 1270 சொச்சம். பண்டாரவளை 1200க்கு மேல, ஹப்புத்தளை 1400 தாண்டும், பதுளை கூட 680 கிட்ட. அதாவது கொழும்புக்காரனுக்கு டைவ் முடிஞ்சா வீட்டுக்குப் போறது வெறும் வீட்டுக்குப் போறது, நமக்கு வீட்டுக்குப் போறதே ப்ளேன் ஏறுறது மாதிரி. அதுவும் டிக்கெட் இல்லாம.

எங்க சித்தப்பா மகன் ரெண்டு வருஷத்துக்கு முன்ன தனியா கிழக்குப் பக்கம் போயி ரெண்டு நாள் டைவ் பண்ணினான். கடைசி நாள் காலையில ரெண்டு டைவ் முடிச்சி, பகல் சோறு சாப்பிட்டு, அப்படியே வேன் புடிச்சி ராத்திரி நுவரெலியா. றம்பொடை தாண்டுறப்பவே வலது முழங்கையில ஒரு வலி, சிலிண்டர் தூக்குனதால வந்துச்சின்னு நெனச்சி வீட்டுல தைலம் தடவிட்டு படுத்துட்டான். காலையில தோளும் சேந்து வலி, விரல் நுனியெல்லாம் மரத்துப் போன மாதிரி. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம், நல்ல வேளை அங்க இருந்த டொக்டர் "இதுக்கு முன்ன என்னா பண்ணுனீங்க"ன்னு கேட்டாரு, ஒக்சிசன் குடுத்தாங்க, கீழ அனுப்பி வச்சாங்க, சரியாயிருச்சி. ஆனா எனக்கு இன்னிக்கும் கோவம் என்னான்னா அவன் போன டைவ் கடையில ஒருத்தராவது "தம்பி வீடு எங்க, எப்ப போறீங்க"ன்னு கேக்கல. ப்ளேன் எப்பன்னு கேட்டாங்களாம், ப்ளேன் இல்லன்னு இவன் சொன்னானாம், அதோட கதை முடிஞ்சிருச்சி.

அதுனால நாலு நாள் லீவுன்னா நம்மளுக்கு டைவ் ரெண்டே நாள்தான். ஒரு நாள் போறதுக்கு, ரெண்டு நாள் கடலுக்கு, நாலாவது நாள் தண்ணியில எறங்காம சும்மா இருந்து சாயங்காலமா இல்லாட்டி ஒரு ராத்திரி கீழ தங்கி அடுத்த நாள் ஏறணும். அப்ப கேள்வி எந்தக் கடல் அழகுன்னு மட்டும் இல்ல, அந்த சும்மா இருக்கிற நாள எங்க கழிக்கிறது, எந்த ரோட்டுல ஏறுறது, வழியில தாழ்வான எடத்துல தங்க நமக்கு ஆள் இருக்காங்களா, இதெல்லாம்தான்.

அடுத்தது மாசம். இதுல ஏமாந்தது நான்தான், சொல்லவே வெக்கமா இருக்கு. வேலைக்கு சேந்த புதுசுல ஜூன் மாசம் லீவு கெடைச்சிச்சின்னு தெக்குப் பக்கம் ஒரு எடத்துக்கு முற்பணம் கட்டிட்டு பஸ் ஏறி போயிட்டேன். ஊருல அப்ப காத்தும் மழையும், தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க ரெட்டு கட்டிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க, நம்ம ஊருல பெய்யிற அந்த மழைதான் அங்க கடல பொரட்டிப் போடுதுன்னு கூட எனக்குத் தோணல. போய் பாத்தா சாயத்தண்ணி கலர்ல அலை, போட் எல்லாம் கரையில கவுத்துப் போட்டிருக்கு. காசு கட்டுன எடத்துல ஆளே இல்ல, அந்த முற்பணம் போனது போனதுதான்.

சுருக்கமா சொன்னா, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, மேக்கும் தெக்கும் கடல் மூடிரும், கிழக்கு தொறக்கும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தலைகீழ். ஏப்ரல் மட்டும் ரெண்டுங்கெட்டான் மாசம், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, ஆனா சித்திரை வருஷப் பிறப்பு நேரத்துல கடை பூட்டியிருக்கும், ரூம் வெல ஏறியிருக்கும். அதுனால ஆகஸ்ட் லீவுன்னா ஹிக்கடுவ பத்தி பேசவே கூடாது, டிசம்பர் லீவுன்னா திருகோணமலை பத்தி பேசக் கூடாது. எங்க வீட்டு சண்டையில பாதி இந்த ஒரு வரியிலயே முடிஞ்சிருச்சி, ரெண்டு வருஷம் வேஸ்ட்டு.

சரி, திருகோணமலை. நுவரெலியாவுல இருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய்னு எறங்கி போகணும், வேன்ல ஏழு எட்டு மணி நேரம் வச்சிக்கங்க, டீ குடிக்க நிப்பாட்டுறதோட. டைவ் கடைங்க பெரும்பாலும் உப்புவெளி, நிலாவெளி பக்கம்தான். நிலாவெளி கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துல புறாத்தீவு, புறாமலைன்னும் சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் காலத்துல துப்பாக்கி சுட்டுப் பழகுற எடமா இருந்துச்சாம், 1963ல சரணாலயமா ஆக்கி 2003ல தேசியப் பூங்காவா மாத்துனாங்க. வனஜீவராசிகள் திணைக்கள டிக்கெட் எடுக்கணும், உள்ளூர் ஆளுக்கு வெளிநாட்டுக்காரங்கள விட ரொம்ப கம்மி, அடையாள அட்டைய மறக்காம கொண்டு போங்க.

புறாத்தீவு பத்தி ரெண்டு மனசு எனக்கு. ஆழம் கம்மி, முழங்கால் அளவு தண்ணியில நின்னு பாத்தாலே கருப்பு முனை துடுப்பு வச்ச சின்ன சுறா சுத்திட்டு போகும், மனுசன ஒன்னும் செய்யாது. மொத தடவை எறங்குறவங்களுக்கு இத விட நல்ல எடம் இல்ல. ஆனா லீவு நாள்ல போனீங்கன்னா போட் போட்டா ஆளுங்க எறங்கி, லைஃப் ஜாக்கெட்டோட பவளப்பாறை மேலயே ஏறி நின்னு செல்பி எடுக்குறாங்க, காலுக்கடியில நொறுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சி. சனி ஞாயிறு, போயா நாள் தவிர்த்து வார நாள்ல காலையில மொத போட்ல போங்க. மூச்சுக்குழாய் வச்சி மேலயே மெதந்து பாக்குற ஸ்நோர்க்கலிங் கூட்டத்த விட்டு தள்ளி தீவுக்கு வெளிப்பக்கம் பாறைங்கள்ல டைவ் பண்ணுறப்ப அந்த எரைச்சல் இல்ல, மீன் கூட்டமும் அதிகம்.

ஆனா என்ன கேட்டா திருகோணமலைக்கு போறதே சுவாமி மலைக்காகத்தான். கோணேசர் கோயில் இருக்க அந்த குன்று அப்படியே செங்குத்தா கடல்ல எறங்குது இல்ல, அதோட அடியில டைவ் பண்ணலாம். சம்பந்தர் தேவாரம் பாடுன கோயில், 17ம் நூற்றாண்டுல போர்த்துக்கீசர் இடிச்சி கல்ல எல்லாம் கோட்டை கட்டவும் எடுத்து கடல்லயும் உருட்டிட்டாங்க. 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் அங்க முங்கிப் பாத்துதான் இடிஞ்ச கோயிலோட தூணுங்க கடலுக்கடியில கெடக்குன்னு வெளிய தெரிஞ்சிச்சி. நான் எறங்குன அன்னிக்கு தண்ணி அவ்வளவு தெளிவில்ல, ஒரு ஏழெட்டு மீட்டர்தான் தெரிஞ்சிச்சி. கூட வந்தவரு கைய காட்டுறாரு, எனக்கு வெறும் பாறைதான் தெரியுது, கிட்டப் போனா அந்தப் பாறையில ஒரு ஓரம் நேரா வெட்டியிருக்கு, அதுக்குப் பக்கத்துல சதுரமா ஒரு குழி, உளி வச்ச எடம். பாறைக்கு நேர் கோடு கெடையாது, மனுசன் வெட்டுனாத்தான் நேர் கோடு வரும். அந்தக் குழிக்குள்ள ஒரு சின்ன மீனு குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சி, என்ன பாத்து கோவமா முன்ன வந்து நின்னுச்சி. மேல கோயில்ல மணி அடிச்சிருப்பாங்க, கீழ நமக்கு நம்ம மூச்சு சத்தம் மட்டும்தான். அந்த எடத்துல நீரோட்டம் சில நேரம் வேகமா இருக்கும், அதுனால மொத டைவையே அங்க வைக்காதீங்க, ரெண்டாவது நாளுக்கு வைங்க.

இன்னொரு பெரிய வசதி, தமிழ்ல பேசலாம். இத சின்ன விஷயமா நெனைக்காதீங்க. கோர்ஸ் படிக்கிறப்ப "மூச்ச மட்டும் புடிச்சி வச்சிக்காத, மேல வர்றப்ப விட்டுக்கிட்டே வா"ங்கிறத அரைகுறையா வெளங்கிக்கிட்டு தண்ணியில எறங்குறது ரொம்ப ஆபத்து, நுரையீரல் கிழியிற விஷயம் அது. எங்களுக்கு சொல்லிக் குடுத்தவரு நிலாவெளி மீன்பிடி குடும்பம், தமிழ்லயே அதட்டி அதட்டி சொல்லிக் குடுத்தாரு. என் மச்சானுக்கு இங்கிலீஷ்ல சொன்னா தலைய ஆட்டிருவான், வெளங்கிச்சா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. தமிழ்ல சொன்னாத்தான் எதுத்துக் கேள்வி கேப்பான்.

அப்புறம் அந்த சும்மா இருக்கிற நாள். திருகோணமலையில அது வேஸ்ட் ஆகாது. காலையில கோணேசர், அப்புறம் கன்னியா வெந்நீர் கிணறு ஏழும், பகலைக்கு மீன் சோறு, சாயங்காலம் வண்டி எடுத்தா ராத்திரி மாத்தளை. மாத்தளை 360 மீட்டர் சொச்சம்தான், பலகடுவ ஏத்தத்துக்கு முன்னாலயே இருக்கு. அங்க ராத்திரி தங்கிட்டு அடுத்த நாள் காலையில ஏறுனா கடைசி டைவ் முடிஞ்சி ஒன்றரை நாள் ஆயிரும். மாத்தளையில நம்மள்ல யாருக்கு சொந்தம் இல்ல? ஆள் இல்லாட்டி தம்புள்ளையில தங்குங்க. கண்டியும் 500 மீட்டர் கிட்டதான், பரவாயில்ல.

கொறையும் சொல்லணும். ஆகஸ்ட் வெயில் நம்ம தோலுக்கு ஆகாது, மொத நாளே ரெண்டு பேரு கருகிட்டோம். ஆகஸ்ட்ல வெளிநாட்டுக்காரங்க கூட்டம், ரூம் வெல அப்படியே தூக்கும். கூட்டம் இல்லாம வேணும்னா மே, ஜூன், செப்டம்பர் நல்லது, ஆனா லீவு வேணுமே.

மட்டக்களப்பு பக்கம் பதுளை அண்ணன் புடிச்ச புடி. அவருக்கு அது நியாயம்தான், ஏ5 ரோடு நுவரெலியாவுல இருந்து பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயான்னு ஒரே நம்பர்ல நேரா செங்கலடி வரைக்கும் போகுது, அங்க இருந்து பாசிக்குடா பக்கம்தான். பதுளையில இருந்து போறவங்களுக்கு இத விட நேரான வழி கெடையாது, கண்டிய சுத்த வேணாம்.

இந்தக் கடலோட பெரிய பேரு ஹெர்ம்ஸ். விமானந்தாங்கிக் கப்பலாவே வடிவமைச்ச உலகத்தோட மொத கப்பல், இங்கிலீஷ்காரனோடது. 1942 ஏப்ரல் 9 அன்னிக்கு ஜப்பான்காரன் திருகோணமலை துறைமுகத்துக்கு குண்டு போட்டான், அதுக்கு பயந்து முந்தின ராத்திரியே தெக்க தப்பிப் போன ஹெர்ம்ஸ மட்டக்களப்புக்கு நேர வச்சி தாக்கி முக்கிட்டான், 307 பேரு செத்தாங்க. இன்னிக்கும் அது அங்கதான் கெடக்கு. அண்ணன் இத சொல்லி சொல்லி எங்கள மயக்கிட்டாரு. ஆனா ஆழம் 50 மீட்டருக்கு மேல. சாதாரண டைவிங்கோட கடைசி எல்லையே 40 மீட்டர், ஓபன் வாட்டர்ங்கிற மொத கோர்ஸ் மட்டும் முடிச்சவங்களுக்கு 18 மீட்டர்தான். ஹெர்ம்ஸ் டெக்னிக்கல் டைவிங் படிச்சவங்களுக்கு, மேல வர்றப்ப அங்கங்க நின்னு நின்னு வரணும், அப்படிப்பட்ட டைவுக்கு அப்புறம் உயரத்துக்குப் போக 18 மணி நேரமும் போதாது. மலையேறி வீட்டுக்குப் போறவனுக்கு ஹெர்ம்ஸ் சரிவராதுன்னு நான் முடிவு கட்டிட்டேன், அண்ணன் இன்னும் முகத்த தூக்கி வச்சிக்கிட்டுதான் இருக்காரு.

அதே நாள் முங்குன பிரிட்டிஷ் சார்ஜன்ட்னு ஒரு எண்ணெய்க் கப்பல் பாசிக்குடா பக்கம் சுமார் 25 மீட்டர் ஆழத்துல கெடக்கு. அதுக்கு அடுத்த அட்வான்ஸ்ட் கோர்ஸ் முடிச்சவங்களுக்கு அது நல்ல டைவ். மத்தபடி பாசிக்குடா கரை ஆழமில்லாத கொளம் மாதிரி, நீச்சல் தெரியாத குடும்பத்தோட போனா அவங்க கரையில குளிக்க, நம்ம டைவுக்குப் போக தோதான எடம். ஆனா டைவ் கடை திருகோணமலை அளவுக்கு இல்ல. காத்து கொஞ்சம் கூடுனா போட் போகாது, போகலன்னா அந்த நாள் பூரா ரிசோட் வாசல்ல ஈ ஓட்டணும். ரெண்டே டைவ் நாள் வச்சிருக்க நம்மளுக்கு அதுல ஒரு நாள் போனா பாதி போச்சி.

தெக்குப் பக்கம் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ எல்லாம் ஒரே வரிசை. எனக்கு ஹிக்கடுவ பவளப்பாறை மேல பெரிய ஆசை இல்ல, 1998ல கடல் சூடாகி பவளம் வெளுத்துப் போன அடி அங்க ரொம்ப பலமா விழுந்துச்சி, கண்ணாடி போட்ல பாக்குறது ஒரு வேடிக்கை அவ்வளவுதான். ஆனா கப்பல் பாக்கணும்னா தெக்குதான். கொங்ச்னு 1903ல முங்குன ஒரு பழைய எண்ணெய்க் கப்பல், 1893ல முங்குன ஏர்ல் ஒஃப் ஷாஃப்ட்ஸ்பரிங்கிற பாய்மரக் கப்பல், காலி பக்கம் ரங்கூன், இப்படி வரிசையா இருக்கு. கொங்ச் 20 மீட்டர் அளவுல, கொதிகலன் எல்லாம் உருண்டையா கெடக்கும், உள்ள வெளிய மீனு. கோர்ஸ் படிக்கவும் தெக்கு நல்லது, கடைங்க கிட்ட கிட்ட இருக்கு, போட்டி இருக்கு, சாமான் புதுசு. பேச்சு சிங்களமும் இங்கிலீஷும், நம்ம ஆளுங்களுக்கு சிங்களம் சரளம் அதுனால பிரச்சினை இல்ல. வெல மட்டும் மொதல்லயே கேளுங்க, டொலர்ல சொல்றாங்களா ரூவாவுலயான்னு, உள்ளூர்காரங்களுக்கு வேற வெல இருக்கான்னு. கேட்டா கொறைப்பாங்க, கேக்காட்டி சும்மா இருப்பாங்க.

ஹட்டன் மச்சானுக்கு கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளைன்னு எறங்கி அதிவேகப் பாதையில போனா லேசு. திரும்பி வர எனக்குப் புடிச்ச வழி வேற. கடைசி டைவ் முடிஞ்ச அடுத்த நாள் மத்தல வரைக்கும் அதிவேகப் பாதை, அங்க இருந்து கதிர்காமம். ராத்திரி மடத்துலயோ ஒரு ரூம்லயோ தங்கி காலையில பூசை பாத்துட்டு புத்தல, வெல்லவாயன்னு ஏறுனா மேல பண்டாரவளை. கதிர்காமம் தாழ்வான எடம், வெல்லவாய வரைக்கும் ரோடும் தாழ்வுதான், அதுக்கு அப்புறம்தான் மலை ஏறுது. அம்மாகிட்ட கதிர்காமம் போறோம்னு சொன்னா லீவுக்கும் கேள்வி இல்ல.

கற்பிட்டிய ரெண்டு வரியில முடிச்சிர்றேன். அங்க பார் ரீஃப் 1992ல சரணாலயமாக்குன பெரிய பவளப் பரப்பு, 1998லயும் 2016லயும் வெளுப்பு அடிச்சிச்சி. டொல்பின் கூட்டம் பாக்க அருமையான எடம், காத்து நேரம் கைட் சர்ஃபிங்காரங்க எடம், ஆனா டைவுக்குன்னு மட்டும் நம்ம ஊருல இருந்து அவ்வளவு தூரம் போக எனக்கு மனசு வரல. கொழும்பு, கல்கிசை பக்கம் கப்பல் சிதைவு நெறைய இருக்கு, வேலையா கொழும்புக்கு வந்தவங்க ஒரு காலையில போயிட்டு வரலாம், லீவு கழிக்கிற எடம் இல்ல. கிரிந்தவுக்கு வெளிய பெரிய பாசு வெளிச்சவீட்டு பாறை இருக்கு, 1961ல மைக் வில்சன் முகலாயர் காலத்து வெள்ளிக்காசு கண்டெடுத்த எடம், பேர கேட்டாலே ஆசை வரும், ஆனா மார்ச் ஏப்ரல்ல ஒரு சில வாரம்தான் கடல் வழி விடும், அனுபவம் இல்லாம நெனைக்கவே கூடாது.

மாலைதீவு பத்தி மச்சான் கேட்டான், அங்க ஹோட்டல்ல வேலை செய்ற நம்ம ஊரு பயலுங்க போட்ட படத்த பாத்துட்டு. கடல்ல அது வேற லெவல்தான், மறுக்க முடியாது. இலங்கை பாஸ்போட்டுக்கு போய் எறங்குன எடத்துலயே விசா குடுக்குறாங்க. ஆனா சல்லி கணக்கு போட்டா நாலு பேருக்கு ஆகுற செலவுல திருகோணமலைக்கு பல தடவை போயிட்டு வந்துறலாம். அதுவும் இல்லாம அங்க இருந்து வர்றப்ப ப்ளேனுக்கு 18 மணி நேரம் காத்திருந்து, எறங்குன ஒடனே மலை ஏறணும். நாலு நாள்ல என்னா பண்ண முடியும்? ஒரு வாரம் லீவு கெடைக்கிற அன்னிக்கு பாப்போம்.

எடத்த விட ஆள் முக்கியம்ங்கிறதால இதையும் சொல்லிர்றேன். நம்மள்ல நெறைய பேருக்கு நீச்சல் வராது, ஆத்துல முழங்கால் தண்ணியில குளிச்ச பழக்கம்தான், மேல இருக்க கொளத்துல எறங்குனா அந்த குளிர்ல நடுக்கம்தான் வரும். ஒரு தடவை சும்மா அனுபவத்துக்கு போற ட்ரை டைவுக்கு நீச்சல் அவ்வளவு கட்டாயம் இல்ல, பயிற்சியாளர் கைய புடிச்சிக்கிட்டே கூட்டிட்டுப் போவாரு, 12 மீட்டருக்கு கீழ எறக்க மாட்டாங்க. ஆனா கோர்ஸ்னா நிக்காம 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிசம் மெதக்கணும். கோர்ஸ் முடிக்க மூனு நாலு நாள் ஆகும், பாடப்பகுதிய வீட்டுலயே ஒன்லைன்ல படிச்சிட்டுப் போனா ஒரு நாள் மிச்சம். நாலு நாள் லீவுல, அதுவும் கடைசி நாள் சும்மா இருக்கணும்ங்கிறப்ப, முழு கோர்ஸ திணிச்சா மூச்சு முட்டும். மொத தடவை ட்ரை டைவ் ரெண்டு போதும்ங்கிறது என் அபிப்பிராயம்.

அப்புறம் பீனிசம். நம்ம ஊரு குளிருக்கும் பனிக்கும் வீட்டுக்கு ஒருத்தருக்கு பீனிசம் இருக்கு. மூக்கு அடைச்சிருந்தா காது அழுத்தத்த சமப்படுத்த முடியாது, மூக்க புடிச்சி ஊதுனாலும் காது தொறக்காது, நாலு மீட்டர்லயே காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும். கினிகத்தேனை எறக்கத்துல காது அடைக்கிறப்ப எச்சி முழுங்குனா டப்புன்னு தொறக்குதான்னு பாருங்க, தொறக்காட்டி அன்னிக்கு உங்களுக்கு தண்ணிக்குள்ளயும் தொறக்காது. மாத்திரை போட்டு மூக்க தொறந்துட்டு எறங்கலாம்னு நெனைக்காதீங்க, உள்ள இருக்கிறப்ப மருந்து வேகம் கொறைஞ்சா மேல வர்றப்ப காத்து மாட்டிக்கும். ஆஸ்துமா, நெஞ்சு வருத்தம், காது ஆபரேசன் இருந்தா டொக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு போங்க, கடையில குடுக்கிற பாரத்துல எல்லாத்துக்கும் இல்லன்னு கோடு போட்டுட்டு போறது நம்ம ஆளுங்க பழக்கம், அது வேணாம்.

கடைக்கு போன் பண்ணுறப்ப நான் இப்ப கேக்குறது: ஒரு பயிற்சியாளருக்கு எத்தன பேரு, போட்ல ஒக்சிசன் இருக்கா, கடல் மோசமானா காசு திருப்பிக் குடுப்பீங்களா. கடைசியா, நாங்க நுவரெலியா போகணும், எப்ப ஏறலாம்? இந்தக் கேள்விக்கு "சாயங்காலமே போகலாம், ஒன்னும் ஆகாது"ன்னு பதில் வந்தா நான் போன வச்சிர்றேன். கிழக்குல சங்கு, கடலட்டை எடுக்க முங்குறவங்க இந்த கணக்கு தெரியாம ஏறி எறங்கி கால் விழுந்து போனது இருக்கு, ஒன்னும் ஆகாதுன்னு சொல்ல இதுல ஒருத்தருக்கும் உரிமை இல்ல. அவசரம்னா திருகோணமலையில கடற்படைகிட்ட இந்த நைட்ரஜன் கோளாறுக்கு வைத்தியம் பண்ணுற அழுத்த அறை இருக்கு, அதுவும் அந்தப் பக்கத்துக்கு நான் குடுக்கிற ஒரு மார்க்.

இத எல்லாம் போட்டு வச்சி பாத்தா எங்களுக்கு ஆகஸ்ட்தான் லீவு, அதுனால தெக்கு தானாவே விழுந்துருச்சி. மட்டக்களப்பா திருகோணமலையான்னு ஒரு வாரம் இழுத்துச்சி. நாலு பேருல ரெண்டு பேரு புதுசு, அவங்களுக்கு ஆழமில்லாத எடம் வேணும், தமிழ்ல சொல்லித் தர ஆள் வேணும், ஒரு நாள் கடல் மோசமானாலும் பொழுது போகணும். திருகோணமலைன்னு முடிவு பண்ணிட்டோம். பதுளை அண்ணன் மட்டும் கண்டிய சுத்தி வர மாட்டேன்னுட்டு மஹியங்கனை வழியா தனியா வந்து சேர்றாராம், திரும்புறப்ப மஹியங்கனையிலயே ஒரு ராத்திரி தங்கிட்டு ஏறுறேன்னு சத்தியம் பண்ணிருக்காரு. டிசம்பர்ல அவருக்காக தெக்குல ஒரு கப்பல் காட்டுறதா பேச்சு.

மாத்தளை சித்திக்கு நேத்து போன் போட்டு வெசயத்த சொன்னேன், திரும்பி வர்றப்ப ஒரு ராத்திரி தங்கணும், மூனு பேருன்னு. ரத்தம், நைட்ரஜன், உயரம்னு நான் வெளக்கிக்கிட்டே போறேன், சித்தி பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி தம்பி, கருவாடு நிலாவெளியில வாங்கு, டவுன்ல வெல கூட"ன்னாங்க.